‘ஸ்டேடியத்துல’ என்று சொல்ல யார் கற்றுக்கொடுத்தார்கள்?

கடிதம் எழுதியவர் பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். விவரம் இதுதான். வயது 38. தென்மாவட்டம் ஒன்றில் தனியார் மருத்துவமனை நர்ஸ், பதினைந்து வருட அனுபவம், மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காக 14 மாதமாக ஜெர்மன் படிக்கிறார். பி1 என்கிற இடைநிலைத் தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து மூன்றிலும் தேறிவிட்டார்; பேச்சுப் பகுதியில் மட்டும் இரண்டு முறை போய்விட்டது. “இலக்கண டேபிளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்டால் நேற்று நான் போனேன் என்பதுகூட வாயில் வரவில்லை” என்கிறார். ஆரம்பத்தில் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த சில சொற்கள் இப்போது தப்பாக வருவதுதான் அவரை ரொம்பப் பயமுறுத்துகிறது. ஏழு வயது மகள் பக்கத்தில் இருந்து கேட்டே நாலு வாக்கியம் அழகாகச் சொல்லிவிடுகிறாள். வளைகுடாவில் இருக்கும் கணவர், “இந்த வயசுல மூளையில ஏறாது, விட்டுடு” என்கிறார். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்கிறார். 22,000 ரூபாய்க்கு ‘மூளைத் திறன்’ வகுப்பு ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. ஏஜென்சி புதிதாக ஒரு பாண்டில் (ஒப்பந்தப் பத்திரத்தில்) கையெழுத்தும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கேட்கிறது. தொடரவா, விடவா?

சகோதரி, முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஸ்டேடியம், மியூசியம், ஆடிட்டோரியம், உங்கள் லேபில் அடிக்கடி காதில் விழும் சீரம், இவற்றோடு ‘ல’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஸ்டேடியத்துல, மியூசியத்துல, ஆடிட்டோரியத்துல, சீரத்துல. இப்போது ரூம், டீம், அப்புறம் (மன்னிக்கவும்) ரம். ரூம்ல, டீம்ல, ரம்முல. யாரும் ‘ரூத்துல’ என்பதில்லை, ‘ரத்துல’ என்பதும் இல்லை. எல்லாமே ‘ம்’மில் முடியும் ஆங்கிலச் சொற்கள்தானே, ஏன் இந்தப் பாரபட்சம்? ஒன்றுக்கு மேற்பட்ட அசை இருந்து, கடைசியில் ‘அம்’ என்று முடிந்தால் மட்டும் மரம்–மரத்துல மாதிரி ‘த்து’ வரும் என்று ஒரு விதி உங்களுக்குள் ஓடுகிறது. பள்ளியில் சொல்லித்தந்தது மரத்துக்கும் பணத்துக்கும்தான். ஸ்டேடியத்துக்கு யாரும் சொல்லித்தரவில்லை, உங்கள் மூளை தானாகவே நீட்டிக்கொண்டது. கேட்டால் விதியைச் சொல்லத் தெரியாது, பேசினால் ஒரு முறைகூடத் தப்பாது.

ஜெர்மனில் உங்கள் நிலை இதற்கு நேர் தலைகீழ். விதியைச் சொல்லத் தெரிகிறது, பேச வரவில்லை. இதை மூளையின் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இது பயிற்சியின் கோணல் என்றுதான் படுகிறது.

ஒரே தலைக்குள் இரண்டு கிடங்கு

உங்கள் தொழிலிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. படிக்கும்போது முதன்முதலாக வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் செருகும் ஊசிக்குழாய்) போட்ட நாளை நினைத்துப் பாருங்கள். எந்தக் கோணம், எவ்வளவு ஆழம், ரத்தம் வந்ததும் எதை எங்கே இழுக்க வேண்டும், எல்லாம் பரீட்சையில் எழுதியிருப்பீர்கள், ஆனால் கை நடுங்கியது. இன்று நோயாளியோடு பேசிக்கொண்டே விரல் ரத்தக்குழாயைத் தேடிக்கொள்கிறது. பாடம் அதேதான், இருக்கும் இடம்தான் மாறிவிட்டது.

மூளையில் நிகழ்ச்சிகளையும் தகவல்களையும் பதிகிற நினைவு ஒன்று, அதற்கு ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி முக்கியம். பழக்கமாகவும் திறனாகவும் படிகிற நினைவு இன்னொன்று, அதில் பேசல் கேங்க்லியா போன்ற பகுதிகளுக்குப் பெரிய பங்கு. இரண்டும் வேறு வேறு என்று உலகத்துக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்கிற ஒரு நோயாளி. வலிப்புக்காக 1953-ல் அவருக்கு அறுவை சிகிச்சை செய்து இரு பக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள், அதன்பின் புதிதாக எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது, ஆனால் ஒவ்வொரு நாளும் “இதை நான் முன்பு செய்ததே இல்லை” என்பார். மொழியில் சொற்களைத் தகவல் நினைவும், இலக்கணத்தைப் பழக்க நினைவும் பெரும்பாலும் சுமக்கின்றன என்பது மைக்கேல் உல்மன் என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்து. வளர்ந்த பிறகு புதிய மொழி படிப்பவர்கள் ஆரம்பத்தில் இலக்கணத்தையும் தகவல் கிடங்கிலேயே போட்டு வைக்கிறார்கள், புழக்கம் கூடக்கூட அது மெல்ல மற்ற பக்கம் நகர்கிறது என்றும் அவர் சொல்கிறார்.

நான் பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போனவர்களோடு வேலை செய்கிறேன். ‘ஒன்று, இரண்டு’ என்று எடுத்துக்கொடுத்தால் கடகடவென்று பத்து வரை சொல்லிவிடுகிறவர், ‘தண்ணி வேணும்’ என்று இரண்டு சொல்லைக் கோக்க முடியாமல் அழுவார். வரிசையாக ஒப்பிப்பதும் வாக்கியம் கட்டுவதும் வேறு வேறு வேலை என்பதை வாரத்தில் ஐந்து நாள் பார்க்கிறேன். நீங்கள் டேபிளை ஒப்பிக்கத்தான் 14 மாதம் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள், அதில் தேறியும்விட்டீர்கள். எழுத்துத் தேர்வில் யோசிக்க நேரம் இருப்பதால் அது கை கொடுத்தது. பேச்சில் அந்த நேரம் கிடைக்காது.

தப்பு அதிகமாவது நல்ல சேதியாகவும் இருக்கலாம்

மூன்றாம் மாதம் ‘போயிருக்கிறேன்’ என்பதற்கு ‘கெகாங்கன்’ என்று சரியாகச் சொன்னீர்களாம், இப்போது ‘கெகேட்’ என்று வருகிறதாம். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மன் குழந்தைகளும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். மூன்றாம் மாதம் நீங்கள் சொன்னது கிளிப்பிள்ளை மாதிரி முழுசாகப் பிடித்து வைத்திருந்த ஒரு சொல். இப்போது மூளை நூறு வினைகளைப் பார்த்துவிட்டு ‘முன்னால் கெ, பின்னால் ட்’ என்று ஒரு விதியைத் தானே கண்டுபிடித்து, அது செல்லாத இடத்திலும் போட்டுப் பார்க்கிறது. கொஞ்ச நாளில் விதிவிலக்குகள் தங்கள் இடத்தை மீட்டுக்கொள்ளும். முதலில் சரி, நடுவில் தப்பு, மறுபடி சரி என்கிற இந்த வளைவு மொழி கற்கிறவர்களிடம் நன்றாகப் பதிவான ஒன்று.

மூளை மின் அலைகளிலும் இதன் சாயல் தெரிகிறது. ஒரு சொல் பொருந்தாவிட்டால் 400 மில்லிசெகண்ட் வாக்கில் ஓர் அலை எழும். இலக்கணம் பொருந்தாவிட்டால் 600 வாக்கில் வேறோர் அலை. அமெரிக்காவில் பிரெஞ்சு படிக்கத் தொடங்கிய மாணவர்களை லீ ஆஸ்டர்ஹவுட் குழுவினர் தொடர்ந்து அளந்தபோது, வினை விகுதி தப்பாக இருந்தால் ஆரம்பத்தில் பலருக்கு முதல் வகை அலைதான் வந்தது, அதாவது மூளை அதை ‘தெரியாத சொல்’ என்று எடுத்துக்கொண்டது. சில மாதங்களில் அது இரண்டாம் வகைக்கு மாறியது. இன்னொரு சோதனை இதைவிட சுவாரசியம். சராசரியாக 14 மணி நேரப் பாடம் முடிந்த நிலையில், உண்மையான பிரெஞ்சுச் சொல் எது, போலிச் சொல் எது என்று கேட்டால் மாணவர்கள் குத்துமதிப்பாகத்தான் பதில் சொன்னார்கள், ஆனால் அவர்கள் மூளை அலை இரண்டையும் பிரித்துக் காட்டியது. உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே மூளைக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று. ‘கெஸ்டர்ன் இஷ் பின்’ (நேற்று – நான் – வினை) என்று வருகிறது, ‘கெஸ்டர்ன் பின் இஷ்’ (நேற்று – வினை – நான்) என்று வர மறுக்கிறது, மிஸ் திட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஜெர்மனிக்கு வேலைக்குப் போன இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுக்கல் தொழிலாளர்களை வைத்து 1970-களின் கடைசியில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வகுப்பறைக்கே போகாத அவர்கள் எல்லோரிடமும் சொல் வரிசை விதிகள் ஏறக்குறைய ஒரே படிகளில் வந்தன. ‘நேற்று’ என்பதை முன்னால் போட்டுவிட்டு ‘நான் வினை’ என்று தொடர்வது அதில் ஒரு படி, வினையைப் புரட்டிப் போடுவது அதற்கு இரண்டு படி மேலே. அந்த ஆய்வுக் குழுவில் இருந்த மன்ஃப்ரெட் பீனமன் பிறகு குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியே சோதித்தார்: அடுத்த படிக்குப் பக்கத்தில் வந்துவிட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒட்டியது, படியைத் தாண்டவைக்கப் பார்த்தது ஒட்டவில்லை. ஆக, நீங்கள் நிற்கும் இடம் எல்லோரும் நின்ற இடம்தான். திட்டினால் படி வேகமாக ஏறாது.

தமிழை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்

வீட்டில் தமிழை நிறுத்தச் சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது தவறு. இரண்டு மொழி தெரிந்தவர் மூளையில் இரண்டுமே விழித்தபடிதான் இருக்கும், ஒன்றை அணைத்தால் மற்றதற்கு இடம் கிடைக்கும் என்ற கணக்கே கிடையாது. உங்கள் மகளிடம் தமிழை நிறுத்தினால் நஷ்டம் அவளுக்கு மட்டும்தான்.

எனக்கு வேறொரு சந்தேகம். உங்கள் கோச்சிங் சென்டரில் பாடம் ஆங்கிலம் வழியாக நடக்கிறது, இல்லையா? அதனால் குளிருக்கு ‘இஷ் பின் கால்ட்’ என்று வருகிறது. ஜெர்மன்காரர் காதில் அது ‘நான் இரக்கமில்லாத ஆள்’ என்பது போல விழும். அவர்கள் சொல்வது ‘மிர் இஸ்ட் கால்ட்’, அப்படியே நம் ‘எனக்குக் குளிருது’. ‘மிர் இஸ்ட் ஊபெல்’ எனக்குக் குமட்டுது. ‘மிர் இஸ்ட் ஷ்விண்ட்லிஷ்’ எனக்குத் தலை சுத்துது. ‘டாஸ் கெஃபெல்ட் மிர்’ இது எனக்குப் பிடிச்சிருக்கு. டேட்டிவ் டேட்டிவ் என்று பயமுறுத்துகிறார்களே, அது பெரும்பாலும் பள்ளியில் படித்த நான்காம் வேற்றுமை, ‘கு’. எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது (‘மிட்’ வந்தால் நமக்கு ‘ஓடு’, அவர்களுக்கு டேட்டிவ்), ஆனாலும் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவனுக்குக் கிடைக்காத கைப்பிடி இது.

‘வைல்’ (ஏனென்றால்) வந்தால் வினை கடைசிக்குப் போவது குழப்புகிறது என்கிறீர்கள். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘வைல் இஷ் ஹாய்டே நாஹ்ட்டீன்ஸ்ட் ஹாபே’. இஷ் – எனக்கு, ஹாய்டே – இன்னைக்கு, நாஹ்ட்டீன்ஸ்ட் – நைட் டூட்டி, ஹாபே – இருக்கிறதால. ‘வைல்’ மட்டும் நமக்கு வாலில் ‘ஆல’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அதே வரிசை! தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் துருக்கி மொழிக் குழந்தைகளுக்கு ஜெர்மனின் இந்த வரிசை ரஷ்ய மொழிக் குழந்தைகளைவிட எளிதாக வந்ததாக ஆய்வு உண்டு. நடுவில் ஆங்கிலத்தை நிறுத்தி வைக்காமல் நேராகத் தமிழிலிருந்து போய்ப் பாருங்கள்.

வயது பற்றி ஒளிக்காமல்

வயது ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னால் அது பொய். 2018-ல் சுமார் 6.7 லட்சம் பேரின் ஆங்கில இலக்கணத் தேர்வை வைத்து ஹார்ட்ஷோர்ன், டெனன்பாம், பிங்கர் மூவரும் ஒரு கணக்குப் போட்டார்கள்: இலக்கணத்தை உள்வாங்கும் வேகம் 17 வயது வாக்கு வரை நன்றாக இருக்கிறது, பிறகு சரிகிறது. அந்த வயதுக் கோடு எவ்வளவு துல்லியம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. எப்படியானாலும் உச்சரிப்பில் உங்கள் மகள் பின்னாளில் உங்களைத் தாண்டிவிடுவாள். பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் உங்களுக்குக் கடைசி வரை எப்போதாவது சறுக்கும். அதோடு வாழலாம்.

ஆனால் ‘குழந்தை வேகமாகக் கற்கும், பெரியவருக்கு ஏறாது’ என்பது ஆரம்பக் கட்டத்துக்குப் பொருந்தாது. நெதர்லாந்துக்குக் குடிவந்த ஆங்கிலம் பேசும் குடும்பங்களைக் கேத்தரின் ஸ்னோவும் அவருடைய சகாவும் ஆராய்ந்து 1978-ல் வெளியிட்டதில், முதல் சில மாதங்களில் டச்சு இலக்கணத்தில் முன்னால் நின்றவர்கள் 12 முதல் 15 வயதுக்காரர்களும் பெரியவர்களும்தான். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் கடைசி. குழந்தைகள் ஜெயிப்பது நீண்ட ஓட்டத்தில், அதுவும் நாள் முழுக்க அந்த மொழிக்குள்ளேயே கிடப்பதால். உங்கள் மகள் நாலு வாக்கியம் அழகாகச் சொன்னாள், சரி. ‘நைட் டூட்டி இருக்கிறதால வர முடியாது’ என்று ஜெர்மனில் எழுதச் சொல்லுங்கள் பார்ப்போம். உங்களால் முடியும். கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

குழந்தையின் கருவி உங்களிடமும் இல்லாமல் போகவில்லை. 1996-ல் ஜென்னி சாஃப்ரன் குழுவினர் எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளில்லாத அசைகளை இடைவெளியே விடாமல் இரண்டு நிமிடம் கேட்கவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை வருகிறது என்ற கணக்கை வைத்தே குழந்தைகள் ‘சொற்களை’ப் பிரித்துவிட்டன. பெரியவர்களும் இதைச் செய்கிறார்கள். நீங்கள் வார்டில் தினமும் பார்க்கும் விஷயங்களுக்கான ஜெர்மன் சொற்களையே எடுங்கள்: உண்டர்ஸூஹுங் (பரிசோதனை), ப்ளூட்டுங் (ரத்தக்கசிவு), ஆட்முங் (மூச்சு), எண்ட்ஸுண்டுங் (அழற்சி). நான்குக்கும் ‘டீ’. டேபிளைப் பார்க்காமல் இப்படி இருபது சொல்லை ‘டீ’யோடு சேர்த்துக் காதில் போட்டுக்கொண்டால், இருபத்தொன்றாவது ‘உங்’ வரும்போது ‘டெர்’ என்று சொன்னால் உங்களுக்கே உறுத்தும். ஸ்டேடியத்துல மாதிரி.

22,000 ரூபாயும் பாண்டும்

அந்த வகுப்பில் சேராதீர்கள். வலது மூளை, இடது மூளை, நடு மூளை என்று எதைத் திறப்பதாகச் சொன்னாலும் ஜெர்மன் இலக்கணம் அதன் வழியாக வராது. ஞாபக சக்தி மாத்திரைக்கும் இதே பதில்தான். அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து வாரம் இரண்டு மணி நேரம் உங்களோடு ஜெர்மனில் பேசுவதற்கு மட்டும் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம்.

நீங்கள் எழுதுவது கோதே நிறுவனத்தின் பி1 என்பதால், நான்கு பகுதியும் தனித்தனி. விழுந்ததை மட்டும் திரும்ப எழுதினால் போதும். பேச்சில் 100-க்கு 60 வேண்டும், இருவராக உட்கார்ந்து கால் மணி நேரம். சொன்ன வேலையை முடித்தீர்களா, பேச்சு தொடர்ச்சியாக இருந்ததா, சொல்வளம், உச்சரிப்பு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு, இலக்கணம் அதில் ஒரு பங்குதான். ஒரு ‘டெர்’ தப்பினதும் பின்னால் போய்த் திருத்தி, அதையும் சந்தேகப்பட்டு, மௌனமாகிவிடுகிறீர்களே, அங்கேதான் மதிப்பெண் போகிறது.

பாண்ட் பற்றிச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள், என் துறை அது கிடையாது. ஆனால் இரண்டு விஷயம் எனக்கே தெரியும். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள், நகல் போதும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், அதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பி1 முடிந்தாலும் நர்ஸாக அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் அடுத்த நிலையான பி2 கேட்பார்கள். அதற்கான காலத்தையும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் வளைகுடாவா ஜெர்மனியா என்று கணவரோடு பேசுங்கள். வளைகுடாவே மேல் என்று முடிவெடுத்தால் அதில் தப்பே இல்லை, ‘மூளை ஒத்துழைக்கவில்லை’ என்பதைக் காரணமாக மட்டும் வைக்காதீர்கள்.

என்ன செய்வது

தொடர்வதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு டேபிளை மூடி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் உட்காருவதை விட்டுவிட்டு, தினம் அரை மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடைவெளி விட்டுப் படித்ததுதான் நிற்கும் என்பது 1885-ல் எபிங்ஹவுஸ் காட்டியதிலிருந்து அசையாமல் நிற்கிற உண்மை. அந்த அரை மணியைத் தூங்கப் போவதற்கு முன் வையுங்கள், நைட் டூட்டி முடிந்து காலை ஒன்பதுக்குப் படுத்தாலும் பரவாயில்லை. பகலில் வாங்கியதைத் தூக்கத்தில்தான் மூளை எடுத்து அடுக்குகிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பது, ஒரு பக்கம் ரத்தம் ஏற்றிக்கொண்டே மறுபக்கம் ரத்தத்தைக் கசிய விடுவது மாதிரி.

என்ன பேசுவது என்று யோசிக்கவும் வேண்டாம். தினமும் ஷிப்ட் முடிந்து ஹேண்ட் ஓவர் கொடுக்கிறீர்களே, அதையே வீட்டுக்கு வந்து நோயாளி பெயர் இல்லாமல் ஜெர்மனில் போனில் பதிவு செய்யுங்கள். மூன்றாம் பெட்காரருக்கு நேற்று இரவு காய்ச்சல், இப்போது மூச்சு சீராக இருக்கிறது, குமட்டுகிறது என்கிறார், டாக்டர் மதியம் வருவார். இரண்டு நிமிடம் போதும். நடுவில் ‘கெகேட்’ வந்தால் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள், முடித்த பிறகு ஒரு தடவை கேட்டு, தப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துச் சரிசெய்து, இரண்டாம் முறை முழுதாகச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுங்கள். மகள் பக்கத்தில் இருந்தால் நோயாளியாக அவளையே படுக்க வையுங்கள். ‘மிர் இஸ்ட் ஊபெல்’ அவள் சொல்லட்டும்.